கழுநீரில் கரைத்த சந்தனம்

சந்தனம் என்றால் மற்றவர்களுக்குக் கோயிலும் கல்யாணமும் நினைவுக்கு வரும். எனக்கு நினைவுக்கு வருவது மூத்திரம்தான். முகம் சுளிப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். நாசூக்காகப் பேசிப் பேசியே தோட்டத்து வரிசை வீடுகளில், எங்கள் லயத்தில், பெண்கள் பாதிப் பேர் உடம்பைக் கெடுத்துக்கொண்டார்கள், அதனால் எனக்கு நாசூக்கு என்றாலே கோபம் வரும்.

நான் கொழுந்து பறித்தது இலங்கையில், மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். அப்போது எனக்குக் கல்யாணமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. எழுதப் படிக்கக் கற்றதெல்லாம் பின்னால், பதுளை டவுனுக்குக் குடிவந்த பிறகு. அந்தத் தோட்டத்துக்குச் சரியான பாதை கிடையாது. அரிசி மூட்டையே தலைச்சுமையாகத்தான் வரும். விடியுமுன் தப்புப் பறை அடிப்பார்கள். எல்லாரும் பெரட்டுக்களத்தில் போய் நிற்க வேண்டும், எந்த மலைக்கு யார் என்று அங்கே பிரித்துவிடுவார்கள். மலைக்குப் போனதும் ஆளுக்கொரு நிரை. தேயிலைச் செடிகளின் இரண்டு வரிசைக்கு நடுவில் நின்றுகொண்டு, கீழிருந்து மேலே பறித்துக்கொண்டே போக வேண்டும். சாயங்காலம் கொழுந்து நிறுக்கும்வரை அந்த நிரைதான் நமக்கு வீடு வாசல்.

செடி நுனியைக் கவ்வாத்து வெட்டும் ஆம்பளைகளுக்குத் தொல்லையில்லை. திரும்பி நின்றால் முடிந்தது காரியம். பெண்கள் போவதென்றால் மலையின் அடியில் இருக்கும் ஓடைக்கு இறங்க வேண்டும். வேலை வாங்கும் கங்காணியோ மலைக்கு மேலே பாதையில் நிற்பார். அங்கிருந்து பார்த்தால் ஒரு தலை அசைந்தாலும் தெரியும். யாராவது நிரையை விட்டு இறங்கினால் உடனே சத்தம் போடுவார்.

"யாரது, நெரையை விட்டுட்டு எங்க போறது?"

மலை முழுக்க அந்தச் சத்தம் கேட்கும். எங்கே போகிறாள் என்று எல்லாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் பதில் சொல்ல யாருக்கும் வாய் வராது. பாதியில் திரும்பி வந்து நிரையில் நின்றுகொள்வார்கள். துணிந்து போய்விட்டு வந்தவளுக்கும் வேறு நஷ்டம் காத்திருக்கும். அவள் வருவதற்குள் பக்கத்து நிரைக்காரி அவள் பங்குக் கொழுந்தையும் கிள்ளியிருப்பாள். நிறுவையில் எடை குறையும், அன்றைக்கு அரைப்பேர்தான், அரைநாள் கூலிதான் விழும்.

இதற்கு எங்கள் பெண்கள் கண்டுபிடித்த வழி, தண்ணீர் குடிக்காமல் இருப்பது. காலைத் தேத்தண்ணியைக்கூட வாயை நனைத்துவிட்டுப் புருஷனிடம் கொடுத்துவிடுவார்கள். உச்சி வெயிலில் உதடு வெடித்துக் கிடந்தாலும் ஓடைத் தண்ணீரைத் தொடமாட்டார்கள். சாயங்காலம் லயத்துக்கு வந்து சேர்ந்ததும் ஓடுவார்கள். போனால் துளித்துளியாய் எரிச்சலோடு போகும், பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நீர்க்கடுப்பு வராத பெண் எங்கள் லயத்தில் இல்லை.

ஆனால் அதற்கு அவர்கள் சொன்ன காரணம் உடம்புச் சூடு. மலை ஏறி இறங்குவதால் சூடு, மேற்கேயிருந்து காய்ந்த கச்சான் காற்று அடிப்பதால் சூடு, கருவாடு தின்றதால் சூடு. சூட்டுக்கு மருந்து சந்தனம். லயத்தில் சந்தனக் கட்டை வைத்திருந்தவள் நான்.

பதுளைச் சந்தைக்குப் போகும் வழியில், காய்ந்த புல்மலைச் சரிவுகளில் சந்தன மரம் தானாகவே முளைத்து நிற்கும். அந்தப் பக்கத்துச் சிங்கள ஊர்க்காரர்கள் விழுந்த மரத்தை வெட்டிக்கொண்டுவந்து துண்டுபோட்டு விற்பார்கள். அவர்கள் பேச்சில் அது ஹந்துன். வாங்கத் தெரியாதவர்கள் பெரிய துண்டாகப் பார்த்து வாங்கி ஏமாறுவார்கள். வெளிப்பக்கத்து வெள்ளைக் கட்டை வெறும் விறகு. உள்ளே மஞ்சளோடிக் கறுத்திருக்கும் வைரத்தில்தான் மணமும் குணமும். நான் நகத்தால் கீறி, எச்சில் தொட்டுத் தேய்த்து, முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவேன். ஒரு முழம்கூட இல்லாத அந்தத் துண்டை மஞ்சள் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருந்தேன்.

அரைப்பதற்குத் தனிக்கல். மிளகாய் அரைக்கும் அம்மியில் சந்தனத்தை இழைத்துக் கண்கட்டிக்குப் போட்டு, கண் வீங்கி மூன்று லயம் கேட்க அலறினவளை நான் பார்த்திருக்கிறேன். அவசரப்பட்டு அழுத்தினால் மரத்தூளாய் உதிரும். கை நோகாமல், தண்ணீர் தெளித்துத் தெளித்து வட்டமாக இழைத்தால் வெண்ணெய் மாதிரி இறங்கும். தலைவலிக்கு நெற்றியில் பற்று, வேர்க்குருவுக்கு முதுகில் பூச்சு, அட்டை கடித்துச் சொறிந்து புண்ணானால் மஞ்சளோடு சேர்த்து. நீர்க்கடுப்புக்கு மட்டும் உள்ளுக்குக் கொடுப்பது. சுண்டைக்காய் அளவு விழுதை அரிசி கழுவிய இரண்டாம் தண்ணீரில் கரைத்து, செம்பு நிறையக் குடிக்க வேண்டும். அதற்கு மேல் வெறும் தண்ணீரும் நிறையக் குடிக்க வேண்டும். என் அம்மா வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த மருந்துதான் இது, என் சொந்தச் சரக்கு ஒன்றுமில்லை.

நான் விழுதை இழைத்துக் கொட்டாங்கச்சியில் வைத்துக் கொடுப்பேன். கழுநீர் அவரவர் வீட்டில். அங்கேதான் எல்லாம் கெட்டுப்போனது. எனக்கு அது தெரிய நாளாயிற்று.

என் நாத்தனார், வீட்டுக்காரரின் தங்கை, பக்கத்து அறையில், அடுத்த காம்பராவில் இருந்தாள். பேசினால் பக்கத்தில் இருப்பவளுக்கே கேட்காது, அப்படி ஒரு கூச்சம். புருஷன் முன்னால் சாப்பிடமாட்டாள். கங்காணியின் நிழல் தெரிந்தால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு செடியோடு செடியாய் ஒட்டிக்கொள்வாள். முதல் பிள்ளை நாலாம் மாதத்தில் கலைந்தது. அப்போதும் நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாய்த்தான் கிடந்தாள், நாங்கள் சூடு என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். அடுத்த வருஷம் மறுபடி முழுகாமல் இருந்தாள். இந்தத் தடவை எப்படியாவது பிள்ளை தங்க வேண்டும் என்று அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் வாசல் திண்ணையில், இஸ்தோப்பில் உட்கார்ந்து பழைய சேலையைக் கிழித்துக் கிழித்துச் சின்னச் சின்னத் துணியாய் மடித்து வைத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

கச்சான் அடிக்கிற காலம் வந்ததும் அவளுக்குக் கடுப்பு ஆரம்பித்தது. தினமும் சாயங்காலம் சந்தனம் இழைத்துக் கொடுத்தேன். தினமும் "இப்ப தேவலாம் அண்ணி" என்றாள். முகத்தைப் பார்த்தால் தேவலாம் என்று இல்லை. ஒருநாள் விறகெடுக்க லயத்தின் பின்பக்கம் போனேன். அவள் கையில் செம்பு. வாழை மரத்தடியில் கழுநீரைக் கொட்டிக்கொண்டிருந்தாள். கொட்டாங்கச்சியில் இருந்த சந்தனத்தைக் கோயில் பிரசாதம் மாதிரி விரலால் வழித்து நக்கிக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் வைத்தியம் பாக்குற. இந்த வாழைக்கு இனிமே நீர்க்கடுப்பே வராது" என்றேன்.

திடுக்கிட்டுச் செம்பை முந்தானையில் மறைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அம்புட்டுத் தண்ணியும் குடிச்சா நாளைக்கு மலையில போகணுமே அண்ணி. கங்காணி கத்துவாரு. எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. அதுக்கு இந்த எரிச்சலே தேவலாம்."

எனக்கு அவளை அறையலாம் போல இருந்தது. அடுத்த நிமிஷமே அழுகையும் வந்தது. அன்றைக்கு லயம் முழுக்க விசாரித்துப் பார்த்தேன். முதலில் மழுப்பினார்கள். கடைசியில் ஒவ்வொருத்தியாய் ஒத்துக்கொண்டாள். எல்லாரும் நக்கிவிட்டுத் தண்ணீரைக் கொட்டினவர்கள்தான். மருந்தை வாங்கிக்கொண்டு குணத்தைக் கீழே ஊற்றிவிட்டு, சந்தனம் வேலை செய்யவில்லை, கட்டை மட்டமான கட்டை என்று என் முதுகுக்குப் பின்னால் பேசியும் இருக்கிறார்கள்.

இரண்டு நாளில் நாத்தனாருக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. இடுப்பு வலி என்றாள். போன தடவையும் இப்படித்தான் தொடங்கியது. நான் அவளை இழுத்துக்கொண்டு தோட்டத்து மருந்து காம்பராவுக்குப் போனேன். மருந்துக்கார ஐயா நல்ல மனிதர்தான். என்ன செய்கிறது என்று கேட்டார். இவள் தலையைக் குனிந்துகொண்டு "வயித்து வலிங்க" என்றாள். அவர் விளக்கெண்ணெய்ப் போத்தலைக் கையில் எடுத்துவிட்டார்.

"வயித்து வலி இல்லீங்க. நீர்க்கடுப்பு. முழுகாம இருக்கா. முந்தி ஒண்ணு கலைஞ்சு போச்சு" என்றேன்.

போத்தலைக் கீழே வைத்துவிட்டார். காய்ச்சலுக்கு மருந்து கலந்து கொடுத்தார். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார், அடக்கிவைக்கக் கூடாது என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். சந்தனமும் கழுநீரும் கொடுக்கலாமா என்று கேட்டேன், கொடு, கெடுதலில்லை என்றார்.

"இதைக் கங்காணிகிட்ட ஒரு வார்த்தை சொல்றீங்களாங்க?"

"மருந்து குடுக்கிறதுதாம்மா என் வேலை. மலை விஷயத்துல நான் தலையிட முடியாது."

சிறிது நாள் வேலையில்லாமல் படுத்திருக்கச் சீட்டு எழுதிக் கொடுத்தார். கிடந்தவளை நான் பக்கத்தில் உட்கார்ந்து குடிக்க வைத்தேன். கரைத்துக் கரைத்துக் கொடுத்தேன், செம்பு காலியாகும்வரை இடத்தை விட்டு நகரவில்லை. காய்ச்சல் விட்டது, கடுப்பும் அடங்கியது. வயிற்றில் பிள்ளை அசைகிறது என்று என் கையை எடுத்து வைத்துக் காட்டினாள். எனக்கு உயிர் வந்தது. ஆனால் சீட்டு முடிந்து மலைக்குப் போனால் மறுபடி அதே கதைதான் என்பது எனக்குத் தெரியும். மலையை மாற்றாமல் சந்தனத்தை மட்டும் இழைத்துக்கொண்டிருந்தால் கட்டைதான் தேயும்.

என் வீட்டுக்காரர், "உனக்கெதுக்கு இந்த வம்பு? கங்காணியைப் பகைச்சுக்கிட்டு இங்க இருக்க முடியுமா?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்களையெல்லாம் இந்தியாவில் எங்கள் ஊரிலிருந்து கூட்டிவந்தவர் கங்காணிதான். ஏதோ ஒரு வழியில் எல்லாருக்கும் சொந்தம், பெண்கள் எல்லாரும் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவோம். கையை ஓங்கிய மனிதரும் இல்லை. அவர் ஆயுதம் அந்தத் தொண்டை ஒன்றுதான். அதற்குத்தான் நாங்கள் பயந்தோம்.

அன்று சாயங்காலம் வந்தவர்களிடம் சொல்லிவிட்டேன். இனிமேல் கொட்டாங்கச்சியில் யாருக்கும் விழுது கிடையாது. பெரிய பானையில் கழுநீரில் சந்தனத்தைக் கரைத்து இஸ்தோப்பில் வைத்திருக்கிறேன். வேண்டியவள் என் கண் முன்னால் செம்பு நிறையக் குடிக்க வேண்டும். நாளைக் காலையும் தேத்தண்ணியை முழுசாகக் குடித்துவிட்டு வர வேண்டும். வெயில் உச்சிக்கு வருமுன் நான் ஓடைக்கு இறங்குவேன், குடித்தவள் என்னோடு இறங்க வேண்டும்.

சிரித்தார்கள். ஒருத்தி, "இப்ப நமக்கு ரெண்டு கங்காணி. அவரு கொழுந்துக் கங்காணி, இவ மூத்திரக் கங்காணி" என்றாள். அந்தப் பட்டப்பெயர் அப்புறம் என்னை விட்டுப் போகவே இல்லை. சிலர் கோபித்துக்கொண்டு எழுந்து போனார்கள். ஆனால் எரிச்சல் என்பது பொய்யில்லையே, சிலர் இருந்து குடித்தார்கள். நிரை போய்விடுமே என்று ஒருத்தி கேட்டாள். அதற்கும் ஒரு வழி பேசி வைத்தோம். இறங்குகிறவள் தலைத்துண்டைத் தன் நிரையில் செடிமேல் விரித்துவிட்டுப் போக வேண்டும். துண்டு கிடக்கிற நிரையில் யாரும் கை வைக்கக் கூடாது. குடிக்காதவர்களிடமும் இதைச் சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் வெயில் ஏறியது. துண்டைக் கழற்றிச் செடிமேல் விரித்தேன். இறங்கினேன். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது, திரும்பிப் பார்க்கவில்லை.

"யாரது? எங்க போறீங்க எல்லாரும்?"

இதுவரை இந்த இடத்தில்தான் எல்லாரும் ஊமையாகிப் போவார்கள். நான் நின்று, முகத்தை நிமிர்த்தி, அவர் எவ்வளவு சத்தமாய்க் கேட்டாரோ அவ்வளவு சத்தமாய்ச் சொன்னேன்.

"மூத்திரம் பேயப் போறோம் மாமா."

பெண்பிள்ளை வாயிலிருந்து, அதுவும் மாமனைப் பார்த்து, அந்த வார்த்தை வந்ததை அவர் வாழ்நாளில் கேட்டிருக்கமாட்டார். இத்தனை வருஷமாய் வெட்கம் எங்கள் பக்கம் இருந்தது. அந்த வார்த்தையைச் சொன்னதும் அது அவர் பக்கம் போய்விட்டது. கைக்கம்பால் பக்கத்துச் செடியை இரண்டு அடி அடித்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நாங்கள் ஓடைக்குப் போய் நிம்மதியாக வந்தோம். துண்டு போட்ட நிரைகளில் ஒரு கொழுந்துகூடக் குறையவில்லை.

அத்தோடு முடியவில்லை. மறுநாளிலிருந்து எங்களைச் செங்குத்தான மூலைக்கு அனுப்பினார். கல்லும் அட்டையுமாய் இருக்கும் இடம். பெரட்டில் எல்லாருக்கும் முன்னால் "வாய்க்கொழுப்பு" என்றார். வெயில் ஏறியதும் துண்டை விரித்துவிட்டு இறங்கினேன். தினமும் இறங்கினேன். போகவேண்டிய அவசியம் இல்லாத நாளிலும் இறங்கினேன். சாயங்காலம் பானையில் சந்தனம் கரைத்தேன். கோபித்துக்கொண்டு போனவர்கள் ஒவ்வொருத்தியாய்த் திரும்பி வந்தார்கள்.

வராதவள் ஒருத்திதான். சீட்டு முடிந்து மலைக்கு வந்த என் நாத்தனார்.

யாருக்காக இதெல்லாம் செய்தேனோ அவள் நிரையை விட்டு அசையவில்லை. வீட்டில் என் முன்னால் குடிப்பாள், மலையில் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பாள். முன்னைக்கு இப்போது இன்னும் மோசம், குடித்ததையும் அடக்கிவைத்தாள். ஒருநாள் நாங்கள் ஓடையிலிருந்து ஏறி வரும்போது பார்த்தேன். இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, மறு கையால் கொழுந்தைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. நான் நேரே அவள் நிரைக்குப் போய் முதுகிலிருந்த கூடையை இறக்கினேன்.

"விடுங்க அண்ணி. எல்லாரும் பாக்குறாங்க. என் மானம் போகுது."

"போன தடவை மானத்தைக் காப்பாத்திட்ட. புள்ளையைக் காப்பாத்துனியா?"

சொன்ன பிறகு என் நாக்கே எனக்குக் கசந்தது. வயிற்றுப்பிள்ளைக்காரியிடம் எந்தப் பெண்ணும் சொல்லக்கூடாத வார்த்தை அது. ஆனால் அதைவிட மெதுவான வார்த்தைகளையெல்லாம் நான் ஏற்கெனவே சொல்லித் தீர்த்திருந்தேன். அவள் என்னை முறைத்தாள். அவள் முறைத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். பிறகு தலைத்துண்டை உருவி, விரிக்கக்கூட இல்லை, செடிமேல் வீசி எறிந்துவிட்டு இறங்கினாள். கங்காணி மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி ஏறி வந்தவள் என்னோடு பேசவில்லை, அந்த வாரம் முழுக்கப் பேசவில்லை. ஆனால் தினமும் இறங்கினாள். எனக்கு அது போதும்.

மழைக்காலம் முடிந்து பனி விழும்போது அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மாதம் நிறைந்து, கையும் காலும் முழுசாய், லயமே எழுந்திருக்கிற மாதிரி அழுதது. நான் அடுப்படியில் போய் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

அதன்பிறகு அவள் பேச்சு கொஞ்சம் கூடியது. ரொம்ப இல்லை. குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு மறுபடி கொழுந்துக்கு வந்தாள். அந்தச் சமயம் ஊரிலிருந்து புது ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். அதில் ஒரு சின்னப் பெண்ணை எங்களுக்கு நடுவில் நிரை போட்டுக் கொடுத்தார் கங்காணி. கப்பல் களைப்பும் மலைப்பாதைக் களைப்பும் இன்னும் தீராதவள். வெயில் ஏறிய நேரம் நான் பார்க்கிறேன், அந்தப் பெண் காலோடு காலை இறுக்கிக்கொண்டு, கங்காணி நிற்கிற பக்கம் ஒரு பார்வையும் ஓடைப்பக்கம் ஒரு பார்வையுமாய்த் தவிக்கிறாள். கண்ணில் தண்ணீர் நிற்கிறது. நான் வாயைத் திறக்கப் போனேன்.

எனக்கு முன்னால் வேறொரு குரல் வந்தது. பக்கத்தில் இருப்பவளுக்கே கேட்காது என்று சொன்னேனே, அந்தக் குரல். அது மலையின் அந்தக் கோடி வரைக்கும் கேட்டது.

"மாமா, இந்தப் புள்ளைக்கு ஒண்ணுக்கு முட்டுது. ஊருக்குப் புதுசு, வெக்கப்படுது. கொஞ்சம் அந்தப் பக்கமாத் திரும்பி நில்லுங்க."

கங்காணி திரும்பி நின்றார். என் நாத்தனார் தன் தலைத்துண்டை எடுத்து அந்தப் பெண்ணின் நிரையில் விரித்தாள், போயிட்டு வா என்று கையைக் காட்டினாள். பிறகு குனிந்து கொழுந்தைப் பறிக்கத் தொடங்கினாள்.